அப்டேட்டுக்குப் பிறகு ஓடாத எக்ஸ்டென்ஷன்

நேற்று வரை ஒழுங்காக ஓடிய பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இன்று ஓடவில்லை என்றால், இடையில் நடந்தது பெரும்பாலும் ஓர் அப்டேட்தான். பிரவுசர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். அல்லது அதற்கு அடியில் இருக்கும் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டிருக்கும். பயன்படுத்துபவர் ‘எக்ஸ்டென்ஷன் கெட்டுப்போச்சு’ என்கிறார். பழுது பார்க்க உட்காருபவரும் அந்தப் பேச்சை அப்படியே ஏற்றுக்கொண்டு எக்ஸ்டென்ஷனின் நிரலை வரிவரியாகப் படிக்க ஆரம்பிக்கிறார். பொறுமை இல்லாதவர் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கிறார். இந்தத் தொழிலில் மிக அதிகமாக நேரத்தைத் தின்பவை இந்த இரண்டு தொடக்கங்களும்தான் என்பது என் துணிபு. பெரும்பாலான நேரங்களில் எக்ஸ்டென்ஷனின் கோப்புகளில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. அது எதை நம்பி நின்றதோ அது மாறியிருக்கும். ஆகவே பழுதை முதலில் தேட வேண்டிய இடம், எக்ஸ்டென்ஷன் மற்றவற்றோடு கைகோக்கும் இணைப்புகள். எந்த இணைப்பு விட்டது என்று தெரியும்வரை எதையும் அழிக்கக் கூடாது. அழித்தால் தடயமும் அதோடு போய்விடும்.

இணைப்பு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்குப் பாஸ்வேர்டுகளைக் காக்கும் நிரல்களைப் போல் தெளிவான உதாரணம் வேறில்லை. கீபாஸ்எக்ஸ்சி என்ற திறந்த மூல நிரலை எடுத்துக்கொள்வோம். பாஸ்வேர்டுகள் எல்லாம் மறைகுறியாக்கப்பட்ட ஒரு கோப்பில் கணினியிலேயே இருக்கின்றன. பிரவுசரில் ஒரு வங்கியின் உள்நுழைவுப் பக்கம் திறந்தால், கீபாஸ்எக்ஸ்சியின் எக்ஸ்டென்ஷன் அந்தக் கோப்பிலிருந்து சரியான பாஸ்வேர்டை வாங்கி நிரப்ப வேண்டும். ஆனால் எக்ஸ்டென்ஷன் கணினியிலுள்ள நிரல்களை நேரடியாக இயக்க முடியாது, பிரவுசர் விடாது. அதற்கென்று இருக்கும் ஒரே வாசல் நேட்டிவ் மெசேஜிங் என்ற ஏற்பாடு. எக்ஸ்டென்ஷன் பிரவுசரிடம் ஒரு பெயரைச் சொல்கிறது. பிரவுசர் அந்தப் பெயருக்குரிய சின்ன ஜேசன் கோப்பு ஒன்றைக் குறிப்பிட்ட இடத்தில் தேடுகிறது. விண்டோஸில் அந்த இடத்தை ரெஜிஸ்ட்ரி சொல்லும்; லினக்ஸில் பெரும்பாலும் பயனரின் ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஓர் உட்கோப்புறை. எந்த நிரலை இயக்க வேண்டும், எந்த எக்ஸ்டென்ஷனுக்கு அனுமதி உண்டு என்ற இரண்டும் அந்தக் கோப்பில் எழுதியிருக்கும். பிரவுசர் அந்த இடைத்தரகர் நிரலை இயக்கி, அதன் உள்ளீட்டுக் குழாயிலும் வெளியீட்டுக் குழாயிலும் செய்தி பரிமாறுகிறது. இடைத்தரகர் ஒரு சாக்கெட் வழியாக உண்மையான கீபாஸ்எக்ஸ்சியுடன் பேசுகிறது. பாஸ்வேர்டு கட்டத்தில் எழுத்துகள் வந்து விழுவதற்குள் வலைப்பக்கத்தில் இயங்கும் துண்டு நிரல், பின்னணி நிரல், பிரவுசர், ஜேசன் கோப்பு, இடைத்தரகர், சாக்கெட், மூல நிரல் என்று ஏழு கை மாறியிருக்கிறது. இந்த ஏழையும் ஒருவரே பராமரிப்பதில்லை. பிரவுசரைத் தயாரிப்பவர் ஒருவர், இயங்குதளத்தைத் தயாரிப்பவர் இன்னொருவர், அதற்காகப் பிரவுசரைத் தொகுத்துத் தருபவர் மூன்றாமவர். ஒவ்வொருவரும் தத்தம் நாள்காட்டிப்படி மாற்றம் செய்கிறார்கள்.

2022 ஏப்ரல் 21 அன்று வெளியான உபுண்டு 22.04இல் நடந்தது இதற்கு நல்ல சான்று. அந்தப் பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸ் பழைய டெப் தொகுப்பாக வருவது நின்றுபோய் ஸ்னாப் தொகுப்பாக வந்தது. 20.04இலிருந்து மேம்படுத்தியவர்களின் கண்ணுக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதே ஐகான், அதே புத்தகக்குறிகள், அதே எக்ஸ்டென்ஷன்கள். பழைய புரொஃபைலும் கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் ஸ்னாப் என்பது வேலி கட்டிய இடம். அதற்குள் ஓடும் நிரல், ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் உட்கோப்புறைகளைப் படிக்க முடியாது. வேலிக்கு வெளியே உள்ள நிரலைத் தன் விருப்பத்துக்கு இயக்கவும் முடியாது. நேட்டிவ் மெசேஜிங்கின் ஜேசன் கோப்பு இருந்ததோ அப்படி மறைந்த ஒரு கோப்புறையில். இயக்க வேண்டிய இடைத்தரகர் இருந்ததோ வேலிக்கு வெளியே. கீபாஸ்எக்ஸ்சி எக்ஸ்டென்ஷன் தன் நிரலுடன் தொடர்புகொள்ள முடியாமல் நின்றது. நோம் டெஸ்க்டாப்பின் நீட்டிப்புகளைப் பிரவுசர் வழியாக நிறுவ உதவும் எக்ஸ்டென்ஷனும் அதே காரணத்தால் நின்றது. எக்ஸ்டென்ஷனை நீக்கி மறுபடி நிறுவினால் பயன் இல்லை. கோளாறு அதில் இல்லையே. கீபாஸ்எக்ஸ்சியை மறுபடி நிறுவினாலும் பயன் இல்லை. பிரவுசரால் எட்ட முடியாத அதே இடத்தில் அதே ஜேசன் கோப்பைத்தான் அது மறுபடி எழுதிவைக்கும். இந்த இரண்டு வேலையையும் மாறி மாறி எத்தனை முறை செய்தாலும் விடை கிடைக்காது.

விடை கிடைக்கும் கேள்வி வேறு: இந்தப் பிரவுசர் எங்கிருந்து ஓடுகிறது? ஃபயர்ஃபாக்ஸின் பிழைதீர்வுத் தகவல் பக்கத்திலேயே அதன் இயக்கக் கோப்பின் முழுப் பாதை இருக்கிறது. அது ஸ்னாப் என்று தொடங்குவதைப் பார்த்த உடனே மற்றதெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அன்றைக்கு இருந்த தீர்வு, மோசில்லா நேரடியாக வெளியிடும் ஃபயர்ஃபாக்ஸை வேலி இல்லாமல் நிறுவிக்கொள்வது. பிறகு வேலிக்குள்ளேயே ஒரு வழி திறக்கப்பட்டது. இடைத்தரகரை இயக்கும்படி பிரவுசர் வெளியே உள்ள போர்ட்டல் என்ற சேவையிடம் கேட்கிறது. அந்தச் சேவை பயனரிடம் ஒப்புதல் வாங்கி அதை இயக்கித் தருகிறது. இந்தக் கோளாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது, இதில் யாருடைய நிரலும் தவறாக இல்லை என்பதுதான். எக்ஸ்டென்ஷன் சரி, ஃபயர்ஃபாக்ஸ் சரி, கீபாஸ்எக்ஸ்சி சரி. ஸ்னாப்பும் தான் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. எந்தக் கோப்பைத் தனியாகப் பரிசோதித்தாலும் ‘நன்றாக இருக்கிறது’ என்றே முடிவு வரும். கோப்புகளைப் பரிசோதிக்கும் பழக்கம் இங்கே உதவாததற்குக் காரணம் அதுவே.

இடைத்தரகர் நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதும் ஓர் இணைப்புதான். அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆப்பிள் 2022 மார்ச்சில் வெளியிட்ட மேக்ஓஎஸ் 12.3, அதுவரை இயங்குதளத்தோடு சேர்ந்து வந்த பைதான் 2.7ஐ நீக்கிவிட்டது. பைதான் 2 எப்போதும் அங்கே இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட சின்னச் சின்ன இடைத்தரகர்களுக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. ஜேசன் கோப்பு சரியான இடத்தில் இருக்கும், பாதை சரியாக இருக்கும், அனுமதியும் இருக்கும். பிரவுசர் இயக்குகிறது, இயங்கிய கணத்திலேயே இடைத்தரகர் சாகிறது. சரி, பைதான் 3ஐ நிறுவிக்கொள்ளலாம் என்றால் அங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஹோம்புரூ வழியாக நிறுவும் நிரல்கள் இன்டெல் மேக்கில் ஒரு கோப்புறையிலும் ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் வேறொரு கோப்புறையிலும் போய் உட்காருகின்றன. டெர்மினலில் இயக்கிப் பார்த்தால் இடைத்தரகர் பிரமாதமாக ஓடும். ஏனென்றால் எங்கே தேட வேண்டும் என்ற பட்டியல் டெர்மினலிடம் இருக்கிறது. டாக்கிலிருந்து திறந்த பிரவுசரிடம் அந்தப் பட்டியல் இல்லை. டெர்மினலில் ஓடுவதை வைத்து ‘இடைத்தரகர் நன்றாக இருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்வது இதனால்தான் ஆபத்து. சூழல் மாறிகள் அனைத்தையும் துடைத்துவிட்டு, முழுப் பாதையையும் கொடுத்து இயக்கிப் பார்த்தால்தான் பிரவுசர் பார்க்கும் உலகம் நமக்கும் தெரியும்.

இந்த இணைப்பில் இன்னும் ஒரு நுட்பமான கோளாறு உண்டு. நேட்டிவ் மெசேஜிங்கில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளம் நான்கு பைட் எண்ணாக வர வேண்டும். அதன் பிறகே ஜேசன். இடைத்தரகர் தன் வெளியீட்டுக் குழாயில் வேறு எதையும் எழுதக் கூடாது. இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட பின் ஏதோ ஒரு நூலகம் ‘வார்னிங்: இந்த வசதி விரைவில் நீக்கப்படும்’ என்று ஒரு வரியை அந்தக் குழாயில் அச்சிட்டால் போதும், உரையாடல் முடிந்தது. பிரவுசர் அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளை நீளமாகப் படிக்கும். இன்றைய வழக்கமான கணினிகளில் அதன் எண் மதிப்பு சுமார் 185 கோடி. இடைத்தரகர் அனுப்பும் ஒரு செய்திக்கு உச்ச வரம்பு 1 மெகாபைட். 185 கோடி பைட் செய்தி வருகிறது என்று கேட்டதும் பிரவுசர் தொடர்பைத் துண்டித்துவிடும். மனிதருக்கு உதவ எழுதிய எச்சரிக்கை வரி இயந்திரங்களின் பேச்சை அடைத்துவிடுகிறது. இதை எக்ஸ்டென்ஷன் பக்கத்திலிருந்து தேடினால் எந்த நாளும் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் பல சமயம் சரியாகிவிடுகிறதே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். சரியாகிறது என்பது உண்மை. மறுநிறுவல் என்ற ஒரே செயல் அனுமதிகளைப் புதிதாகக் கேட்கிறது, சேமிப்பைக் காலியாக்குகிறது, பின்னணி நிரலை முதலிலிருந்து தொடங்குகிறது. இவற்றில் ஏதோ ஒன்று மருந்தாக இருந்திருக்கும். எது என்று தெரியாது. தெரியாததால் அடுத்த அப்டேட்டில் அதே கோளாறு திரும்பி வரும்போது நாம் அதே இடத்தில் நிற்போம். இதைக்கூட ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, நீக்கும்போது எக்ஸ்டென்ஷன் சேமித்து வைத்திருந்த தரவும் அழிந்துபோவது. 2019 மே 4 அன்று உலகம் முழுவதும் ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கியது நினைவிருக்கலாம். எக்ஸ்டென்ஷன்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சங்கிலியில் ஓர் இடைநிலைச் சான்றிதழ் அன்று காலாவதியானது. பிரவுசர் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கையொப்பங்களைச் சரிபார்க்கும். அந்த நேரம் ஆளுக்கு ஆள் வேறுபட்டதால் ஒருவருக்கு உடனே முடங்கியது, இன்னொருவருக்குச் சில மணி நேரம் கழித்து முடங்கியது. எக்ஸ்டென்ஷன்களை நீக்கவோ மறுபடி நிறுவவோ வேண்டாம், நீக்கினால் தரவு போய்விடும் என்று மோசில்லா அப்போது வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. திருத்தம் தானாக வந்து சேர்ந்தது; 66.0.4 பதிப்பும் வெளியானது. கை வைக்காமல் காத்திருந்தவர்களில் பலருக்கு எக்ஸ்டென்ஷன்கள் இருந்தபடியே திரும்பின. அவசரப்பட்டு நீக்கியவர்கள் அவற்றில் சேர்த்திருந்த அமைப்புகளை மீட்க வழியில்லாமல் நின்றார்கள்.

குரோமில் சொந்தமாக எழுதிய எக்ஸ்டென்ஷனைக் கோப்புறையிலிருந்து நேரடியாக ஏற்றிப் பயன்படுத்தும் சிறு அலுவலகங்களுக்கு மறுநிறுவல் இன்னொரு விதத்திலும் கெடுதல் செய்யும். அப்படி ஏற்றிய எக்ஸ்டென்ஷனின் அடையாளம், மேனிஃபெஸ்டில் சாவி குறிப்பிடாதவரை, கோப்புறையின் பாதையிலிருந்தே கணக்கிடப்படுகிறது. புதிய கணினிக்கோ புதிய பயனர் கணக்குக்கோ மாற்றும்போது பாதை மாறினால் 32 எழுத்து அடையாளமும் மாறிவிடும். இடைத்தரகரின் ஜேசன் கோப்பில் பழைய அடையாளத்துக்குத்தான் அனுமதி இருக்கிறது. புதியவர் வாசலில் தடுக்கப்படுவார். மேனிஃபெஸ்டில் சாவியை எழுதி அடையாளத்தை நிலைப்படுத்துவது ஒரே வரி வேலை. அதைச் செய்யாமல் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவோர் ஏராளம்.

எக்ஸ்டென்ஷனின் நிரல் மாறியிருக்காது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. அதை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மை ஆகாது. குரோம் 2021 ஜனவரியில் 88ஆம் பதிப்போடு மேனிஃபெஸ்ட் 3ஐக் கொண்டுவந்தது. 2024 ஜூனிலிருந்து மேனிஃபெஸ்ட் 2 எக்ஸ்டென்ஷன்களைப் படிப்படியாக முடக்கத் தொடங்கியது. பிழைக்க வேண்டிய எக்ஸ்டென்ஷன்கள் தங்கள் நிரலை மாற்றி எழுதியே ஆக வேண்டும். இங்கே நிரலுக்குள்ளேயே பழுது இருக்கலாம். ஆனால் அந்தப் பழுதுகளின் இயல்பைப் பாருங்கள். பழைய ஏற்பாட்டில் பின்னணிப் பக்கம் பிரவுசர் திறந்திருக்கும்வரை உயிரோடு இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு மாறியில் போட்டு வைத்தது மாலை வரை இருக்கும். புதிய ஏற்பாட்டில் அந்த இடத்துக்கு வந்த சர்வீஸ் வொர்க்கர், 30 வினாடி வேலை இல்லாமல் இருந்தால் நிறுத்தப்படும். மாறிகளில் இருந்ததெல்லாம் போய்விடும். பழைய நிரலை அப்படியே கொண்டுவந்து மேனிஃபெஸ்டில் எண்ணை மட்டும் மாற்றியவர்களின் எக்ஸ்டென்ஷன் ‘சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை’ என்ற நிலைக்கு வந்தது. பழுது பார்ப்பவர் டெவலப்பர் கருவிகளைத் திறந்து சர்வீஸ் வொர்க்கரைக் கவனிக்கத் தொடங்கினால் கோளாறு மறைந்துவிடும். கருவி திறந்திருக்கும்வரை பிரவுசர் அதை நிறுத்துவதில்லை. கண்காணிக்கும் செயலே நோயை மறைக்கும் இந்த நிலையில், கருவிகளை மூடிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்து மறுபடி சொடுக்கிப் பார்ப்பதுதான் சோதனை. நினைவில் வைக்க வேண்டியதை அமர்வுச் சேமிப்பில் வைப்பதும், நிகழ்வுகளுக்குக் காது கொடுக்கும் வரிகளைக் கோப்பின் மேல்மட்டத்திலேயே எழுதுவதும், டைமர்களுக்குப் பதில் அலாரத்தைப் பயன்படுத்துவதும் தீர்வு. எழுதியவரின் நிரல் இலக்கணப்படி சரியாகவே இருந்தது. பிரவுசர் தன்னை எவ்வளவு நேரம் உயிரோடு வைத்திருக்கும் என்ற ஊகம்தான் உடைந்தது. அதுவும் ஓர் இணைப்பே.

எந்த அப்டேட் காரணம் என்ற கேள்விக்கு ஊகத்தை நம்ப வேண்டிய தேவையே இல்லை. மோசில்லாவின் மோஸ்ரிக்ரெஷன் என்ற கருவி, கோளாறு இல்லாத நாளையும் இருக்கும் நாளையும் சொன்னால் நடுவில் உள்ள ஒரு நாளின் ஃபயர்ஃபாக்ஸைத் தருவித்துப் புதிய புரொஃபைலில் திறந்து தரும். நல்லதா கெட்டதா என்று நாம் சொல்லச் சொல்ல இடைவெளி பாதி பாதியாகக் குறையும். ஓராண்டுக்குரிய தினசரிப் பதிப்புகளில் குற்றவாளியைப் பிடிக்க ஒன்பது சோதனை போதும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கருவி தோற்கும்போதும் அது சொல்லும் செய்தி. உபுண்டு 22.04இல் இதை ஓட்டினால் எல்லா நாளின் பதிப்பும் நன்றாகவே வேலை செய்யும்; ஏனென்றால் கருவி தருவிப்பவை வேலி இல்லாத பதிப்புகள். அப்போதே பிரவுசரின் நிரல்மேல் இருந்த சந்தேகம் விலகி, அதைத் தொகுத்த விதத்தின்மேல் விழுகிறது. பழைய பிரவுசரைப் புதிய இயங்குதளத்தில் ஓட்டிப் பார்ப்பது இரண்டு சந்தேக நபர்களைப் பிரித்து விசாரிப்பதற்குச் சமம்.

அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. முகம் தெரியாதவர்கள் எழுதிய நிரல்களை நாள் முழுவதும் இயக்கும் ஒரே இடம் நம் கணினியில் பிரவுசர்தான். பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத பிரவுசரில் பாஸ்வேர்டு எக்ஸ்டென்ஷனை மட்டும் காப்பாற்றி வைப்பது பாஸ்வேர்டுகளைக் காப்பாற்றுவது ஆகாது. மாற்றத்தின் வேகம் தாங்கவில்லை என்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இருக்கிறது. அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும்; அமைப்பு மாற்றங்கள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும். சிறு அலுவலகங்கள் அந்தப் பக்கம் போவதை நான் வரவேற்கிறேன். சோதித்துப் பார்க்க ஒரு நாள் குறிக்க முடிகிறது என்பதே பெரிய விஷயம்.

இன்னொரு மறுப்பு எழுதுபவர்களின் பக்கம் நீள்கிறது: மாற்றங்கள் எல்லாம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன, படிக்காதவர் குற்றம் என்பது. மேனிஃபெஸ்ட் 3ஐப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கது. ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருந்தது, நாளும் தள்ளிப்போடப்பட்டது. ஆனால் ஸ்னாப் மாற்றத்தைப் பற்றி ஓர் எக்ஸ்டென்ஷன் ஆசிரியர் எந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? அவர் பிரவுசரின் வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்திருப்பார். அதில் இது இல்லை. ஓர் இயங்குதளம் எப்படித் தொகுக்கப்படுகிறது என்பதையெல்லாம் பின்தொடரும்படி அவரைக் கேட்பது நியாயமில்லை. மாற்றத்தைச் செய்பவர்கள், அதனால் எந்த வாசல் அடைபடுகிறது என்று தெரிந்தே செய்யும்போது, மாற்று வாசல் திறக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நீண்டகால ஆதரவு என்று பெயர் வைத்து வெளியிடும் பதிப்பில் அந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல்.

எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்களிடம் எனக்கு இருக்கும் குறை வேறு. நேட்டிவ் மெசேஜிங் தோற்றால் குரோம் மௌனமாக இருப்பதில்லை. அந்தப் பெயரில் இடைத்தரகர் இல்லை என்று ஒரு செய்தி, அணுக அனுமதி இல்லை என்று ஒரு செய்தி, இடைத்தரகர் வெளியேறிவிட்டது என்று ஒரு செய்தி. முதலாவது ஜேசன் கோப்பு இருக்கும் இடத்தையும், இரண்டாவது எக்ஸ்டென்ஷனின் அடையாளத்தையும், மூன்றாவது இடைத்தரகரின் உயிரையும் சுட்டுகிறது. பழுது பார்ப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பல எக்ஸ்டென்ஷன்கள் இந்த மூன்றையும் விழுங்கிவிட்டு, ‘இணைக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்’ என்ற ஒரே வரியைப் பயனருக்குக் காட்டுகின்றன. பயனர் முயல்கிறார், முயன்று களைத்து நீக்குகிறார். பிரவுசர் தந்த செய்தியை அப்படியே காட்டுவதற்கு ஒரு வரி நிரல் போதும். அதற்கு மேலும் ஒரு படி போகலாம். எக்ஸ்டென்ஷன் தொடங்கியதும் இடைத்தரகருக்கு ஒரு வணக்கம் அனுப்பட்டும். இடைத்தரகர் தன் பதிப்பு எண்ணையும், தான் எந்தப் பாதையிலிருந்து, எந்த பைதானில் ஓடுகிறேன் என்பதையும் பதிலாகத் தரட்டும். எக்ஸ்டென்ஷன் அவற்றைப் பிரவுசரின் பதிப்போடும் இயங்குதளத்தின் பெயரோடும் சேர்த்து அமைப்புகள் பக்கத்தின் அடியில் காட்டட்டும். கடைசியாக எல்லாம் சரியாக ஓடிய நாளின் விவரங்களையும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்தால், அப்டேட்டுக்கு மறுநாள் அந்த இரண்டு வரிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.